பார்க்கிங் அண்ணாச்சியும் நான் எழுதிக்கொடுத்த படகுச் சவாரியும்

பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஊர் உலகத்தில் என்னென்ன சொல்கிறார்களோ, அதில் பாதி இடத்துக்கு நூறு தடவை போய்விட்டு, ஒன்றைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பிய ஒரே மனிதர் எங்கள் பார்க்கிங் அண்ணாச்சிதான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். கொடைக்கானல் ஏரியில் தண்ணீர் கிடக்கிறதா என்று அவரைக் கேட்டால், "கிடக்குன்னுதான் சார் போயிட்டு வாரவிய சொல்லுதாவ" என்பார். அந்த மனிதருக்கு நான் பயண அனுபவம் சொல்லக் கற்றுக்கொடுக்கப் போனேன். என் தலையெழுத்து.

அப்போது, அப்போது என்ன அப்போது, இப்போதும்தான், ராஜபாளையத்தில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடத்துகிறேன். எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவனை எந்தப் பள்ளிக்கூடமும் சீந்தவில்லை என்றால் அவன் வேறு என்னதான் செய்வான்? மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு மாடியில் ஒரு அறை. ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. கீழே மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மேலே பலகை தடதடவென்று ஆடும். அது நிற்கிறவரை நானும் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஒரு நாளைக்கு எப்படியும் நாலைந்து தடவை இந்த மௌன அஞ்சலி உண்டு.

திங்கள்கிழமைதோறும் "மறக்க முடியாத பயணம்" என்று ஒரு பயிற்சி வைத்திருந்தேன். எந்த வேலைக்கு இண்டர்வியூ போனாலும், எந்த நாட்டுக்குப் பரீட்சை எழுதினாலும், நீ போய்வந்த ஒரு இடத்தைப் பற்றி ரெண்டு நிமிடம் பேசு என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று பேச வேண்டும். நான் பலகையில் மூன்று கட்டம் போட்டிருப்பேன். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, மனசில் பட்டது. இந்த மூன்றையும் நிரப்பிவிட்டால் எந்தப் பயணமும் கதை ஆகிவிடும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ரொம்பப் பெருமையாக இருந்தேன்.

மாணவர்கள் மூன்று பேர். ஸ்ரீவில்லிபுத்தூர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த ஜெபா சிஸ்டர், வெளிநாடு போகிற ஆசையில் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட் வைத்திருந்த ராஜு, வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், வியாபாரிகளிடம் இங்கிலீஷ் வேண்டும் என்று வந்தார். மூன்றாவதாக வந்து சேர்ந்தவர்தான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற அண்ணாச்சி. வருகைப் பதிவில் அவருக்கு ஒரு பேர் உண்டு. அதை யாரும் கூப்பிட்டதில்லை, நானும் மறந்துவிட்டேன். பார்க்கிங் அண்ணாச்சி என்று பேர் வைத்தது ஜெபா சிஸ்டர்.

முதல் நாள் வந்தவர் உட்காரவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். கீழே அவருடைய வேன் நின்றது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை என் மேலும் இன்னொரு கண்ணைத் தெருவிலும் வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க பாட்டுக்கு நடத்துங்க. காது இங்கனதான் இருக்கு" என்றார்.

அவர் வந்த காரணம் சின்னதில்லை. வேனின் முதலாளி வண்டியைத் தை மாசத்திலிருந்து ஒரு நூல் மில்லுக்கு விடப் போகிறார். ராஜபாளையத்தில் ஆள் ஏற்றி, வன்னியம்பட்டியில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏற்றி, மில்லில் கொண்டு இறக்கி, ஷிப்ட் முடிந்தவர்களைத் திரும்ப அதே ரோட்டில் கொண்டுவந்து விட வேண்டும். இதே ரோடு, இதே வளைவு, சாகிறவரைக்கும்.

"இருபத்தாறு வருசமா ஊரு ஊராப் போனவன் சார். ஸ்டியரிங்கைப் பிடிச்சா அடுத்து எந்த ஊருன்னுதான் கையி கேக்கும். இனிமே ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்ட மாட்டேன்னா, என்னைக் கட்டிப்போட்ட மாதிரிலா?" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

மதுரையில் ஒரு டிராவல்ஸில் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போக டிரைவர் எடுக்கிறார்கள். மார்கழிக் கடைசியில் இண்டர்வியூ. லைசென்ஸ், அனுபவம் எல்லாம் சரி. ஒரே ஒரு கண்டம், இங்கிலீஷில் தன்னுடைய மறக்க முடியாத பயணம் ஒன்றைப் பற்றி ரெண்டு நிமிடம் பேசிக் காட்ட வேண்டும்.

"அந்த ரெண்டு நிமிசத்தை மட்டும் தாண்ட விட்டிருங்க சார். பொறவு கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மற்றவர்களிடம் பயணமே கிடையாது. ஜெபா சிஸ்டரிடம் ஒரு வேளாங்கண்ணி, ராஜுவிடம் ஒரு திருப்பதி. இதையே ஆறு மாதமாக மாவு மாதிரி அரைத்துக்கொண்டிருந்தோம். இதோ இந்தியாவையே சுற்றிய மனிதர் வந்திருக்கிறார். திங்கள்கிழமை வந்தது. கொடைக்கானலில் ஆரம்பியுங்கள் அண்ணாச்சி என்றேன்.

அண்ணாச்சி எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டார். "ஐ கோ கொடைக்கானல். லேக் பார்க்கிங், ஸ்மால். ஒன் சைடு சுவர். ஒன் சைடு டீக்கடை. ரிவர்ஸ் வெரி டிபிகல்ட். பட் ஐ டூ." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

ராஜு கைதட்டினார். நான் ராஜுவை முறைத்தேன்.

"அண்ணாச்சி, கொடைக்கானலைப் பத்திச் சொல்லுங்க."

"சொன்னேன்ல சார்."

"ஏரி, மலை, பனி, பூ, எதையுமே காணோமே?"

"அதெல்லாம் உள்ள இருக்கு சார். நான் வெளிய இருப்பேன்."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. டூரிஸ்ட் வேன் டிரைவர் இறங்கிப் போய் இடத்தைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. பயணிகளின் பை, தூக்குச்சட்டி, குழந்தையின் மாற்றுத்துணி, கோயில் என்றால் அத்தனை பேரின் செருப்பு, எல்லாம் வண்டியில் கிடக்கும். அதை விட்டுவிட்டுப் போவது பெரும் பாவம். மற்ற டிரைவர்களாவது ஒருவரிடம் ஒருவர் சொல்லிவிட்டுச் செத்த நேரம் போய் எட்டிப் பார்ப்பார்களாம். அண்ணாச்சி அதுவும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக வண்டியை விட்டு இருபதடி தாண்டியதில்லை.

நான் விடவில்லை. பலகையில் மூன்று கட்டத்தைப் போட்டுக் கன்னியாகுமரியைக் கேட்டேன். கண்ணால் என்ன பார்த்தீர்கள்? "முன்னாடி நின்ன கேரளா பஸ்ஸோட முதுகு சார்." காதால் என்ன கேட்டீர்கள்? "வரலாம் வரலாம்னு கிளீனர் வண்டியைத் தட்டுத சத்தம்." எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. சரி, மனசில் என்ன பட்டது? அண்ணாச்சி நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார். "போனவிய எப்பத் திரும்பி வருவாவளோன்னு பட்டுச்சு."

"சூரியன் உதிக்கிறதையாவது பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். அது நமக்குப் பின்னாடி உதிச்சுச்சு. சைடு கண்ணாடியில பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கண்ணாடியில ஒரு கீறல்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலே வாரத்தில் கிளாஸ் மொத்தமும் கெட்டுப்போனது. ஜெபா சிஸ்டர் வேளாங்கண்ணி போன கதையைக் கண்ணீர் வருகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர். கடல், மெழுகுவர்த்தி, மாதா எல்லாம் இருக்கும். ஒரு திங்கள்கிழமை எழுந்து நின்று, கோயிலுக்குள்ளே நுழைவதற்கு முன்னால், பஸ் நிறுத்துகிற இடம் மணலாக இருந்ததால் சக்கரம் புதைந்த விவரத்தை ஒன்றரை நிமிடம் சொன்னார். ராஜுவின் திருப்பதியில் பெருமாளே இல்லை. எத்தனை கொண்டை ஊசி வளைவு, எந்த வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் மட்டும் இருந்தது.

"ராஜு, நீங்களுமா?" என்றேன்.

"ஏமி சார் இது, அண்ணாச்சி சொல்றதுதான சார் உண்மையா இருக்கு? பூ, பனின்னு சொன்னா எல்லாரும் ஒண்ணுபோலத்தான இருக்கு" என்றார்.

ஒரு புதன்கிழமை எனக்குப் பொறுக்க முடியவில்லை. "அப்படி அந்த வண்டிக்குள்ள என்னதான் அண்ணாச்சி இருக்கு? பத்து நிமிசம் விட்டுட்டுப் போனா குடியா முழுகிரும்?" என்று கத்திவிட்டேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "பைக்காக இல்ல சார். எந்த டூருலயும் ஒரு ஆளு முன்னாடியே திரும்பி வந்திரும். நூத்துக்கு நூறு வந்திரும்" என்றார். முட்டி வலி என்று யாராவது வருவார்கள். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வருவாள். புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் விறுவிறுவென்று வந்து கடைசி சீட்டில் உட்காருவாள். "தெரியாத ஊரு. தனியா வாரவிய. வண்டி நிக்கு, ஆளு இல்லன்னா எங்க போவாவ?"

ஒரு தடவை கொடைக்கானலில் எல்லோரும் ஏரிக்குப் போன பிறகு, ஒரு பெரியவர் மட்டும் திரும்பி வந்தாராம். பெண்டாட்டி போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, மனசு மாறட்டும் என்று மகன்கள் வம்படியாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறார். "நான் திரும்பிப் பாக்கல சார். பாத்தா கூச்சப்படுவாவ. ஜன்னல் திரையை மட்டும் ஒண்ணொண்ணா இழுத்துவிட்டேன். பொறவு மெதுவா, டீ வாங்கியாரவான்னு கேட்டேன். ரெண்டு டீ குடிச்சாவ."

இதை இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். காலில் முள் குத்தினவன் நடக்கிற மாதிரி நொண்டி நொண்டிச் சொன்னார். ரெண்டு நிமிடம் ஆனதும் என் போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது, நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

"சரிதான் அண்ணாச்சி. ஆனா இது இடத்தைப் பத்தி இல்லையே. இதுல கொடைக்கானல் எங்க இருக்கு?"

ஜெபா சிஸ்டர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை அதிகம் போல என்று நினைத்தேன். இப்படிப்பட்ட மடையன்தான் அந்த அறையில் வாத்தியாராக இருந்தான்.

இண்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணாச்சியை எங்காவது ஒரு இடத்துக்குள் தள்ளிவிட்டால், பார்த்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வேனிலேயே நாலு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கூட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலைத் தேர்ந்தெடுத்தேன். வண்டி நின்றதும் எல்லாப் பயணிகளையும்போல ராஜுவும் ஜெபா சிஸ்டரும் செருப்பைக் கழற்றி அண்ணாச்சி காலடியில் போட்டார்கள். அவரும் வழக்கம்போல ஜோடி சேர்த்து அடுக்க ஆரம்பித்தார்.

"அதைக் கீழ வைங்க. இன்னைக்கு நான் வண்டியைப் பாத்துக்கிடுதேன். நீங்க உள்ள போங்க" என்றேன்.

"சார், உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

"ஓட்ட வேண்டாம் அண்ணாச்சி. பாத்தா போதும்."

சாவியைத் தருவதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே, மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்கூட அப்படித் தயங்கமாட்டான். ஹேண்ட் பிரேக்கை நாலு தடவை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலுக்குள் போனார். நான் வெற்றிப் பெருமிதத்தோடு செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் ஆனது. ராஜுவும் சிஸ்டரும் திரும்பி வந்தார்கள், அவரைக் காணோம். உள்ளே பார்த்தீர்களா என்றால் இல்லை என்கிறார்கள். சரி, மனிதர் லயித்துவிட்டார், தூண் தூணாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புல்லரித்தது. முக்கால் மணி நேரம் ஆனபோது தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து நின்று ஹாரனை அலறவிட்டது. லாரிக்காரர் தலையை நீட்டி, "ஏலே, வண்டிய எடு" என்றார். கையில் சாவி இருக்கிறது, எடுக்கத் தெரியாது. இங்கிலீஷ் தெரியும், அதை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் என்ன செய்ய? அவர் என் எம்.ஏ. பட்டத்தையும் சேர்த்துத் திட்டுகிற மாதிரி திட்டினார்.

அப்போது எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்து ஒரு உருவம் பாய்ந்து வந்தது. அண்ணாச்சி. சாவியைப் பிடுங்கினார், ஒரே வெட்டில் வண்டியை ஓரம் கட்டினார், லாரி போனது.

"நீங்க கோயிலுக்குள்ள இல்லையா?"

"போனேன் சார். உள்ள கால் வச்சதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு. உடனே வெளிய வந்துட்டேன். உங்க கண்ணுல பட்டா மறுபடியும் உள்ள அனுப்பிருவியன்னுதான் டீக்கடையில நின்னேன்."

"முக்கால் மணி நேரமாவா?"

"அங்க இருந்து வண்டி நல்லாத் தெரிஞ்சுச்சு சார். நீங்களும் நல்லாத்தான் பாத்தீய. ரெண்டு தடவை போனை நோண்டுனீய, அதுதான் தப்பு."

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனிதரை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் தேறாது, கையில் இருப்பது மூன்றே வாரம், மில் வேன் வாய் பிளந்து நிற்கிறது. எனக்கே பயம் வந்துவிட்டது. உட்கார்ந்து ஒரு தாளில் கொடைக்கானல் பயணம் ஒன்றை நானே எழுதினேன். பச்சை மலை, பால்போலப் பனிமூட்டம், ஏரியின் நடுவில் ஒரு படகு. விருந்தினர்களைச் சுற்றிப் பார்க்க விட்டுவிட்டு, அண்ணாச்சியும் அவர் மனைவியும் படகில் போகிறார்கள். மனைவி தண்ணீரில் கை நனைத்துச் சிரிக்கிறாள். மூன்று கட்டமும் தளும்பி வழிகிறது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை.

நான் வாசித்துக் காட்ட, அண்ணாச்சி கேட்டார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. "எம் வீட்டுக்காரி கொடைக்கானலே பாத்ததில்ல சார்."

"கதையில பாத்துட்டுப் போகட்டும்."

"சரி சார். போட்ல போறப்ப வண்டியை யாரு பாத்துக்கிட்டா?"

"அது கதைக்குத் தேவையில்லை."

மறுநாள் வந்து மறுபடியும் அதையே கேட்டார். கிளீனர் பார்த்துக்கொண்டார் என்று ஒரு வரி போடலாமா என்றார். ரெண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும், பேசாமல் மனப்பாடம் பண்ணுங்கள் என்று எரிந்து விழுந்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது ஜெபா சிஸ்டரும், "சார், அவர் கேக்கறதுல ஞாயம் இருக்குல்ல?" என்றார். நீங்கள் உங்கள் வேளாங்கண்ணியைப் பாருங்கள் சிஸ்டர் என்று சொல்லி அவர் வாயையும் அடைத்தேன். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பனிமூட்டத்தை உருப்போட்டார். பதினைந்து நாளில் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இண்டர்வியூ அன்று அவரோடு நானும் மதுரைக்குப் போனேன். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. டிராவல்ஸ் ஆபீஸ் ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் உள்ளே போனார். நான் வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். டீ குடித்தால் அந்த நேரம் பார்த்து வெளியே வந்துவிடுவாரோ என்று டீகூடக் குடிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"எப்படி அண்ணாச்சி?"

"ஒரு சொல்லு விடல சார். பனிமூட்டத்தைச் சொல்லும்போது மேனேஜர் பேனாவைக் கீழ வச்சிட்டாவ."

"அப்புறம்?"

"பொறவு ஒண்ணே ஒண்ணு கேட்டாவ. தமிழ்லயே கேட்டாவ. நீங்க சம்சாரத்தோட போட்ல போகையில, கெஸ்ட்டோட சாமான் கெடந்த வண்டியை யாரு பாத்தான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? நீங்க எழுதிக் குடுத்ததுல அது இல்லையே சார்." சிரிப்பு அப்போதுதான் மெல்ல இறங்கியது. "வண்டியை அனாமத்தா விட்டுட்டுப் போற டிரைவரு எங்களுக்கு வேண்டாம்னுட்டாவ."

"சார் எழுதிக் குடுத்தாரு, நான் இருபத்தாறு வருசத்துல வண்டியை விட்டு நகந்ததே இல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அதெப்படி சார் சொல்ல? உங்களைப் பொய் சொல்லிக் குடுத்தவருன்னு நெனைச்சிற மாட்டாவளா?"

நான் விறுவிறுவென்று உள்ளே போனேன். மேனேஜர் வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி. அவரே முன்னாள் டிரைவர்தான் என்பது சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில் தெரிந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். படகு என்னுடையது, பனி என்னுடையது, அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை, கொடைக்கானலில் அழுத பெரியவருக்குத் திரையை இழுத்துவிட்டவர் அவர் என்றேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தப் பெரியவர் கதையை ஏன் சார் அவர் சொல்லலை? அரைகுறை இங்கிலீஷ்ல சொல்லியிருந்தாலும் அந்த நிமிசமே சாவியைக் கையில குடுத்திருப்பேன்ல."

"நான்தான் வேண்டாம்னேன்."

"இப்ப நான் என்ன செய்யட்டும்? போட்ல போனது நிஜம்னா அவர் வண்டியை விட்டுட்டுப் போறவரு. போகலைன்னா, போகாத இடத்துக்குப் போனேன்னு அசராமச் சொல்றவரு. ரெண்டுல எந்த ஆளை நம்பி வெளிநாட்டுக்காரங்களை ஏத்திவிடச் சொல்றீங்க?"

வெளியே வந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மனிதருக்கு இருபத்தாறு வருஷம் சேர்த்த நல்ல பேரை ரெண்டே நிமிடத்தில், அதுவும் இலக்கணப் பிழை இல்லாமல், நான் கெடுத்து வைத்திருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். திருமங்கலம் தாண்டியதும் அவரேதான் பேச்சைத் தொடங்கினார். "விடுங்க சார். நல்லாத்தான் இருந்துச்சு அந்தப் போட்டு. நேத்து ராத்திரி சோறு போடுறப்ப எம் வீட்டுக்காரிக்குத் தமிழ்ல சொன்னேன். அந்தத் தண்ணியில கை நனைக்கிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டா." அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தை பிறந்தது, வண்டி மில்லுக்குப் போனது. ராஜபாளையம், வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், மறுபடி அதே ரோடு. ஒரு நாள் ரோட்டோரம் நின்று பார்த்தேன். முன்னெல்லாம் வண்டி ஓட்டும்போது நிமிர்ந்து உட்காருவார். இப்போது தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓட்டினார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் கையைத் தூக்கவில்லை, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தூக்குவது?

இனி இவர் கிளாஸுக்கு வரப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். காலை ஷிப்ட் முடிந்த ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"மில் வேனுக்கு இங்கிலீஷ் எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"அது எதுக்கு? ராஜு சீசன் வேலைன்னு நின்னுட்டாரு. சிஸ்டரும் நைட் டூட்டின்னு பாதி நாளு வரல. நானும் நின்னுட்டா நீங்க யாருக்கு சார் சொல்லிக் குடுப்பீய?"

அன்றைக்கு மறக்க முடியாத பயணம் அவருடைய முறை. எழுந்து நின்றார். நான் பலகையில் கட்டம் போடவில்லை. "ஐ கோ மதுரை. ஐ பாஸெஞ்சர், நோ டிரைவர்" என்று ஆரம்பித்தார். வேலை கிடைக்காததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆபீஸுக்குள் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரில் ஒரு ஜன்னல் இருந்ததாம். அதன் வழியாக ஒரு வேப்பமரம் தெரிந்ததாம். "அண்டர் ட்ரீ, மை சார். ஒன் அவர் ஸ்டாண்டிங். நோ டீ." அதற்கு மேல் இங்கிலீஷ் ஓடவில்லை, தமிழுக்கு வந்துவிட்டார்.

"இருபத்தாறு வருசமா நான்தான் சார் எல்லாருக்கும் வெளிய காத்துக் கெடந்திருக்கேன். எனக்குன்னு ஒரு ஆளு வெளிய காத்துக்கிட்டு நின்னது அன்னைக்குத்தான். அதை இங்கிலீஷுல எப்படிச் சொல்ல?"

யோசித்துவிட்டு மறுபடி அவரே முயற்சி பண்ணினார். "மை சார் வெயிட்டிங் மீ. ஐ வெரி ஹேப்பி."

அந்த ரெண்டு வாக்கியத்திலும் பிழை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.